'சாரி' என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்திலிருந்து நம் வீடுகளுக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்துவிட்ட சொற்களுள் 'சாரி' என்பதும் ஒன்று. பேருந்து நெரிசலில் அடுத்தவர் காலை மிதித்தவர் அதைச் சொல்கிறார். தொலைபேசியில் எதிர்முனையில் பேசுவது காதில் விழாதபோது, அதையே சற்று இழுத்து வினாவாக்கிச் சொல்கிறோம். மருந்துக் கடையில் கேட்ட மாத்திரை இல்லையென்றாலும் 'சாரி'; வகுப்புக்குத் தாமதமாக வந்து வாசலில் நிற்கும் மாணவன் வாயிலும் 'சாரி'; ஒருவருடைய கருத்தை மறுத்துப் பேசப் புகும்போதும், "சாரி, எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்றே தொடங்குகிறோம். துக்க வீட்டில் கைகளைப் பற்றிக்கொண்டு அச்சொல்லை முணுமுணுக்கும் படித்த இளைஞர்களையும் இப்போது காண்கிறோம். ஒரே சொல் இத்தனை பணிகளைச் செய்கிறதென்றால், அவற்றுள் எதையேனும் அது முழுமையாகச் செய்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது தகும். மனமாற்றத்தைப் பற்றி மறையுரைகளில் ஓயாது பேசும் நாம் இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது.

அச்சொல்லின் பிறப்பு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'சாரிக்' என வழங்கிய அது, நோவு, புண் என்னும் பொருள்படும் 'சோர்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' என்ற சொல்லின் உறவினர்போல் அது தோன்றினாலும், அதன் வேர் வேறு. எனவே, 'சாரி' என்பவர் முதற்பொருளில் "நான் நொந்திருக்கிறேன், எனக்குள் ஒரு புண் இருக்கிறது" என்று சொல்பவரே. நமது திருச்சபையின் பழைய இலத்தீன் வழக்கும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. பாவத்திற்காக மனம் வருந்துதலை அது 'கொன்திரிசியோ' என்கிறது. அரைத்தல், நொறுக்குதல் என்னும் வினையிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலேயரின் முன்னோருக்குப் புண், உரோமையருக்கு நொறுங்குதல். இரண்டும் உடலில் உணரப்படும் வலிகள். இன்று அதே 'சாரி', ஒரு நிலைமையோ ஒரு கட்டடமோ இரங்கத்தக்க நிலையில் சீர்கெட்டுக் கிடப்பதையும் குறிக்கிறது. சொற்களும் தேய்கின்றன.

இனி, அச்சொல்லின் நடுவே ஓடும் ஒரு பிளவைக் கவனிக்க வேண்டும். உன் தந்தை இறந்ததற்காக நான் நொந்திருக்கிறேன் என்பது ஒன்று. உன் தந்தையை நான் அவமதித்ததற்காக நொந்திருக்கிறேன் என்பது முற்றிலும் வேறொன்று. முன்னது இரக்கம், பின்னது குற்றத்தை ஏற்றல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அப்படி இல்லை. இறப்பு வீட்டில் நாம் 'துக்கம் கேட்கிறோம்'. பிறருடைய துயரத்தை விசாரிக்கிறோம். பெரும்பாலும் வாய் திறப்பதுகூட இல்லை, கைகளைத் தொட்டுவிட்டு அமர்ந்துவிடுகிறோம். தவறு செய்தவரோ மன்னிப்புக் கேட்கிறார். மொழிபெயர்க்கப்பட்ட அயல்நாட்டுக் கதைகளிலும் திரைப்படங்களிலும், கணவனைப் பறிகொடுத்தவளிடம் வந்து "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, இவர்தாம் கொன்றாரோ என்று நமக்கு ஒரு கணம் ஐயம் எழுவது இதனாலேயே.

இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. 'சாரி' ஒரு பெயரடை. அது பேசுபவருடைய நிலையை வருணிக்கிறது. பேச்சு அவரிடம் தொடங்கி அவரிடமே முடிந்துவிடுகிறது. 'மன்னியுங்கள்' என்பதோ ஒரு வேண்டுகோள். அதைச் சொன்ன நொடியில் நாம் மற்றவர் கையில் இருக்கிறோம். அவர் மன்னிக்கலாம், மறுக்கலாம், காலம் கேட்கலாம். முதலாவதில் நாம் ஒரு செய்தியைச் சொல்கிறோம். இரண்டாவதில் ஒரு வாசலில் நிற்கிறோம். ஆங்கிலத்திலும் மன்னிப்பை வேண்டும் வாக்கியங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை அன்றாடப் பேச்சில் அருகிவிட்டன. அந்த இடத்தையும் 'சாரி'யே எடுத்துக்கொண்டது.

இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதை 2001ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள், தென்சீனக் கடலின்மேல் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி கடலில் விழுந்து மாண்டார். சேதமுற்ற அமெரிக்க விமானம் சீனாவின் ஹைனான் தீவில் அனுமதி பெறாமலே இறங்கியது. அதிலிருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னது. தவறு தன்னுடையதன்று என்றது அமெரிக்கா. பேச்சுகள் நீண்டன. இறுதியில், ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஒரு மடல் அளித்தார். அதில் 'வெரி சாரி' என்னும் தொடர் இருமுறை வந்தது: விமானியை இழந்ததற்காக ஒருமுறை, சொல்லாமல் வந்து இறங்கியதற்காக ஒருமுறை. 'இரண்டு சாரிகளின் மடல்' என்றே அது வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டது. சீனத் தரப்பு அதை மன்னிப்புக் கோருதலுக்கு நெருங்கிய தொடரால் மொழிபெயர்த்துத் தன் மக்களுக்கு அறிவித்தது. அமெரிக்கத் தரப்போ தாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, வருத்தமே தெரிவித்தோம் என்றது. மறுநாள் 24 பேரும் விடுதலையாயினர்.

அந்த மடலை எழுதியவர்களை நாம் குறைகூறப் போவதில்லை. போர் மூளாதிருக்க ஒரு சொல்லின் மங்கல் பயன்பட்டதென்றால் நன்றே. ஆனால் நாடுகளுக்கிடையே உதவிய அந்த மங்கல், கணவன் மனைவிக்கிடையிலும், அண்ணன் தம்பிக்கிடையிலும், பங்குத்தந்தைக்கும் மக்களுக்குமிடையிலும் நுழையும்போது என்ன ஆகிறது? சொன்னவர் ஒன்றைச் சொல்ல, கேட்டவர் மற்றொன்றைக் கேட்க, இருவரும் சமாதானமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டு பிரிகிறார்கள். புண் அப்படியே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இதற்கு மறுபுறம். அந்நாட்டின் முதற்குடிகளுடைய பிள்ளைகளை அரசும் சமய நிறுவனங்களும் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வளர்த்த கொடுமையைப் பற்றிய அறிக்கை 1997இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1910க்கும் 1970க்கும் இடையில், பத்துப் பிள்ளைகளில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இவ்வாறு பறிக்கப்பட்டிருக்கலாம் என்று அது கணித்தது. மறு ஆண்டிலிருந்து மே 26ஆம் நாளை மக்கள் 'சாரி நாள்' என்று கடைப்பிடிக்கலாயினர். அன்றைய தலைமை அமைச்சர் ஜான் ஹோவர்டு 1999இல் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 'சாரி' என்ற சொல்லை மட்டும் அதில் சேர்க்க மறுத்துவிட்டார். முன்னோர் செய்ததற்கு இன்றைய தலைமுறை குற்றவாளியாகாது என்பது அவர் வாதம். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் சிட்னித் துறைமுகப் பாலத்தின்மேல் சுமார் இரண்டரை இலட்சம் மக்கள் நடந்தபோது, வானத்தில் ஒரு விமானம் புகையால் அந்த ஒரு சொல்லை எழுதிச் சென்றது. ஆங்கிலம் பேசும் நாடொன்றில், நாளெல்லாம் வாயில் புரளும் அந்தச் சொல்லுக்காக ஒரு மக்களினம் காத்துக் கிடந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று தலைமை அமைச்சர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து அதை மூன்று முறை சொன்னார். கேட்டிருந்த முதியோர் அழுதனர்.

அம்மக்கள் பேசும் ஆங்கிலத்தில், இறந்தோருக்காகத் துக்கம் காக்கும் சடங்குகளுக்கு 'சாரி பிசினஸ்' என்று பெயர் என்பதை நாம் அறியும்போது இதன் பொருள் இன்னும் விரிகிறது. ஒருவர் இறந்தால் உறவினர் வேலைகளை விட்டுக் கூடியிருக்க வேண்டும். பல இடங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது. அவர்களுக்கு அச்சொல் வாய்ச்சொல் அன்று. செய்து தீர்க்க வேண்டிய கடமை. நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட 'சாரி'யுடன் அன்று இழப்பீடு எதுவும் வரவில்லை. நடுவண் அரசின் நேர் ஆட்சியில் இருந்த பகுதிகளுக்கான இழப்பீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது 2021இல். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே 13 ஆண்டுகள். அதற்குள் மண்ணுக்குள் போனவர்களுக்கு யார் என்ன சொல்வது?

நம் நாட்டிலும் இத்தகைய ஒன்று நிலுவையில் நிற்கிறது. 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் நடந்த படுகொலையில் 379 பேர் மாண்டதாக அன்றைய அரசே கணக்குக் காட்டியது; மக்கள் சொன்ன எண்ணிக்கை அதைவிட மிகுதி. நூறாண்டு நிறைந்தபோது, 2019இல், பிரித்தானியத் தலைமை அமைச்சர் தெரசா மே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கேன்டர்பரிப் பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி அங்கே சென்றார். அரசின் சார்பில் பேசத் தமக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டு, நினைவிடத்தின்முன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்தார். மொழிபெயர்ப்பாளர் எவரும் அங்கே தேவைப்படவில்லை.

சட்டம் படித்தவர்கள் இப்பிளவை நம்மைவிடக் கூர்மையாக அறிந்திருக்கிறார்கள். 'சாரி' சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சி மருத்துவர்களும் வண்டி ஓட்டுநர்களும் வாய் மூடிக்கொள்வதைக் கண்டு, பல நாடுகள் சட்டமியற்றின. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2009இல் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. கலிபோர்னியாவின் சட்டமோ இன்னும் நுட்பமானது: விபத்தில் சிக்கியவரிடம் காட்டிய இரக்கத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது, தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தால் காட்டலாம். ஒரே மூச்சில் வெளிவரும் வாக்கியத்தைக் கத்தியால் இரண்டாக வகிர்ந்துவிட்டது அச்சட்டம். இவற்றால் மருத்துவமனைகளில் இரக்கமுள்ள பேச்சு பெருகியிருக்குமானால் மகிழ்ச்சியே. ஆயினும், விலை ஏதுமின்றிச் சொல்லத்தக்கதாக ஆக்கப்பட்ட மன்னிப்பு, கேட்பவருக்கு எவ்வளவு பெறும் என்னும் ஐயம் நமக்குத் தீரவில்லை.

நம்முடைய மண்ணிலும் இந்த நழுவல் இல்லாமலில்லை. தொலைக்காட்சி வந்த புதிதில் படம் நின்றுபோனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை திரையில் நிற்கும்; நாமும் அதையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்போம். யார் வருந்தினார்கள், யாரால் தடங்கல் என்று அறிந்தவர் எவருமில்லை. தோண்டிப் போட்ட சாலையோரப் பலகைகளிலும் அதே வருத்தம் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறது. 'நடந்தது வருந்தத்தக்கது' என்று பேசும் தலைவர்களும் இந்த இனத்தாரே. நடந்ததாம், நடத்தியவர் எவரும் இல்லையாம்!

ஒரு குடும்ப வழக்கு நினைவுக்கு வருகிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒருவர். பிள்ளைகளோடு தாய்வீடு போய்விட்ட மனைவி. இரு வீட்டாரும் சேர்ந்து பங்கு இல்லத்தில் கூடினார்கள். அவர் தலையைக் குனிந்தபடி 'சாரி' என்றார். உடனே முகங்கள் மலர்ந்தன. "ஏம்மா, அவன்தான் சாரி சொல்லிட்டானே, இன்னும் என்ன? கிளம்பு" என்றார் பெண்ணின் பெரியப்பா. அந்தப் பெண் நம் பக்கம் திரும்பி, "சாமி, அவரு சாரி சொன்னாரு. எதுக்குன்னு சொல்லலையே" என்றாள். திண்ணையில் இருந்தோர் சினந்தனர், வாய்த்துடுக்கு என்றனர். நமக்கோ திரெந்து பொதுச்சங்கமே அந்தப் பெண்ணின் வாய்வழியாகப் பேசியதுபோல் இருந்தது.

அது மிகைப்பேச்சன்று. 1551ஆம் ஆண்டில் அப்பொதுச்சங்கம் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிப் போதித்தபோது, பாவியிடமிருந்து மூன்றை எதிர்பார்த்தது: மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். மூன்றில் ஒன்றே 'சாரி'. சாவான பாவங்களைப் பொதுப்படையாக அன்றி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. "நான் பாவிதான், சாமி" என்பது அறிக்கை ஆகாது; எதற்கென்று சொல்ல வேண்டும். நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த உத்தம மனஸ்தாப மந்திரம் வருத்தத்தோடு நின்றுவிடாமல் தீர்மானத்திலும் போய் முடிந்ததற்குக் காரணம் இதுவே. விவிலியத்தில் மனந்திரும்பியவர்களைப் பாருங்கள். நாத்தானிடம் தாவீது தம் மனம் படும் பாட்டை விவரிக்கவில்லை. பாவம் செய்துவிட்டேன் என்கிறார். ஊதாரி மைந்தன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்திலும் தன் உணர்வைப் பற்றிய சொல் இல்லை. செய்த செயலும் இழந்த தகுதியுமே இருந்தன. சக்கேயு வருத்தம் தெரிவித்ததாக லூக்கா எழுதவேயில்லை. ஏய்த்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று அவர் எழுந்து நின்று கணக்குச் சொன்னார்.

தமிழ் இங்கே நமக்கு ஓர் அரிய உதவி செய்கிறது. கர்த்தர் கற்பித்த செபத்தின் பழைய வடிவத்தில், இன்று 'மன்னித்தல்' என்று சொல்லும் இடத்தில் 'பொறுத்தல்' என்று சொல்லிவந்தோம். பொறுத்தல் என்றால் சுமத்தல். வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில் முதலாவதாக நிலத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வதும் அது தாங்குவதால்தான். அதே வேரில் பிறந்தது 'பொறுப்பு'. தவறிழைத்தவர் பொறுப்பை ஏற்கிறார், தவறிழைக்கப்பட்டவர் பொறுக்கிறார். சுமை ஒன்று; அதைத் தூக்கும் கைகள் இரண்டு. தவறிழைத்தவர் தம் முனையைத் தூக்காமல் 'நொந்திருக்கிறேன்' என்று ஓரமாக நின்றுகொண்டால், சுமை முழுவதும் அடிபட்டவர் தலையிலேயே இறங்குகிறது. பெரியப்பா கேட்டது இதைத்தான்: அடிபட்டதையும் அவளே சுமக்க வேண்டும், சமாதானத்தையும் அவளே சுமக்க வேண்டும்.

திருச்சபையாகிய நாமும் இப்பள்ளியில் மெதுவாகவே கற்றுவருகிறோம். 2000ஆம் யூபிலி ஆண்டின் தவக்கால முதல் ஞாயிறன்று, மார்ச் 12இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அதற்குமுன் எந்தத் திருத்தந்தையும் அவ்வளவு விரிவாகச் செய்யாத செயல் அது. ஆயினும் வேண்டுதல் இறைவனை நோக்கியே எழுந்தது. கனடாவில் முதற்குடிப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கும் மேற்பட்டோர் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டு, தாய்மொழியும் பெற்றோரும் பறிக்கப்பட்டு வளர்க்கப்பட்டனர். அப்பள்ளிகளில் பெரும்பான்மை கத்தோலிக்கத் துறவியரும் குருக்களும் நடத்தியவை. 2009இல் அம்மக்களின் பேராளர்களைச் சந்தித்த திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், அவர்கள் பட்ட துன்பத்திற்காகத் தம் துயரத்தைத் தெரிவித்தார். 2022 ஜூலை 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், 85 வயதில், சக்கர நாற்காலியில் மஸ்குவாசிஸ் என்னும் ஊருக்கே சென்று, கிறிஸ்தவர் பலர் செய்த தீமைக்காக அம்மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். துயரம் தெரிவித்தலிலிருந்து மன்னிப்பு வேண்டுதலுக்கு வர 13 ஆண்டுகள் ஆயின. இந்த எண் ஆஸ்திரேலியக் கணக்கோடு ஒத்துப்போனது தற்செயலே. நீளம் மட்டும் தற்செயலன்று என்று நினைக்கிறோம்.

அப்போதும் அனைவரும் நிறைவடையவில்லை. அப்பள்ளிகளைப் பற்றி ஆராய்ந்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்தின் தலைவராயிருந்த மறைந்த மர்ரே சின்கிளேர், தவறு தனிமனிதர்கள் சிலருடையது என்பதுபோல் பேசப்பட்டதாகவும், திருச்சபை ஒரு நிறுவனமாகச் செய்ததைச் சொல்லவில்லை என்றும் குறைபட்டார். எதற்கென்று சொல்லவில்லையே என்று பங்கு இல்லத்தில் எழுந்த அதே கேள்விதான். அது நன்றி மறந்த பேச்சு என்று சிலர் கசந்துகொண்டனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மன்னிப்பு வேண்டுதல் மெய்யான வேண்டுகோளாக இருக்குமானால், "இன்னும் இல்லை" என்று மறுமொழி சொல்லும் உரிமை கேட்பவருக்கு இருந்தே தீர வேண்டும். அந்த உரிமையைத் தராத வேண்டுகோள் கட்டளையாகிவிடும். 'மன்னியுங்கள்' என்னும் நம் சொல்லுக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஊர்கூடி நிற்க, காலில் விழுந்தவனை எழுப்பாவிட்டால் அடிபட்டவளே கல்நெஞ்சக்காரி ஆகிவிடுகிறாள்.

எதற்கென்று கேட்ட அந்தப் பெண் அன்று கிளம்பவில்லை. கணவர் குடியை விடும் சிகிச்சைக்குச் சென்றார்; ஏழு மாதங்கள் கழித்து, எந்தெந்த நாளில் என்னென்ன செய்தார் என்பதை அவளுடைய தாய்தந்தையர் முன்னிலையில் தாமாகவே சொன்னார். 'சாரி' என்ற சொல்லை அன்று அவர் பயன்படுத்தியதாக நமக்கு நினைவில்லை. அவள் உடனே மறுமொழி சொல்லவில்லை. உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியட்டும், பார்க்கலாம் என்றாள்.